சமமாகப் பங்கிடாதீர்கள்: வடசென்னை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் வட்டாரங்களில் இயங்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

வங்கிக் கடன் வந்து சேர்ந்ததும் அதைத் தலைக்கு இவ்வளவு என்று சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறீர்களே, அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்கள் குழுக்களின் பாஸ்புக்கில் வரவு வைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு உங்கள் கூட்டங்களுக்கு வந்து நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவள். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

சமமாகப் பங்கிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாருக்கும் மனத்தாங்கல் வராது. "அவளுக்கு மட்டும் ஏன் கூட?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே அளவில் தொன்னையில் வைத்துக் கொடுக்கக் கடன் என்ன கோயில் பொங்கலா? ஒரு வீட்டில் அது வட்டியை அணைக்கிறது. அடுத்த வீட்டில் இல்லாத வட்டியைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், உங்கள் குழுவிலேயே அவர் இருக்கிறார். ஏலத்துக்குக் கையில் ரொக்கம் வேண்டும். வெளிச்சம் வருவதற்கு முன்பே வட்டிக்காரர் 900 ரூபாயைக் கொடுத்துவிட்டு நோட்டில் 1,000 என்று எழுதிக்கொள்கிறார். மாலையில் கூடை காலியானாலும் ஆகாவிட்டாலும் அந்த 1,000 அவர் கைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் விடியலில் மறுபடியும் 900.

நாளுக்கு 100 ரூபாய்தானே, வியாபாரத்தில் அது ஒரு செலவு என்று அந்த அம்மாவே சொல்வார். ஆட்டோவுக்குக் கொடுப்பதில்லையா, ஐஸுக்குக் கொடுப்பதில்லையா, அதுபோல இதுவும் என்பார். சரி, கூட்டிப் பாருங்கள். ஒன்பது நாள் வட்டி 900 ரூபாய். அதாவது வாங்கிய முதல் முழுவதும் ஒன்பதே நாளில் வட்டியாகப் போய்விட்டது. பத்தாவது நாள் அவர் தம் சொந்தப் பணத்தில் மீன் எடுத்திருக்க வேண்டும். எடுக்க முடிவதில்லை, ஏனென்றால் அந்த ஒன்பது நூறு ரூபாய்த் தாள்களும் ஒரே நாளில் அவர் கையில் சேர்ந்து இருப்பதே இல்லை. ஆண்டுக்கு 250 நாள்தான் தொழில் என்று வைத்துக்கொண்டாலும் வட்டி மட்டும் 25,000 ரூபாய். முதல், அதே 900. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அது அவருக்குப் பத்து நாள் வட்டி.

இவருக்கு உங்கள் குழு சேமிப்பிலிருந்து 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தாலும் மாதத்துக்கு 100 ரூபாய்தான். இன்று ஒரு நாளுக்குக் கொடுப்பதை அவர் ஒரு மாதத்துக்குக் கொடுப்பார். மிச்சமாகும் பணத்திலிருந்தே ஓரிரு மாதத்தில் முதலையும் அடைத்துவிடலாம். இவ்வளவு சின்னத் தொகைக்கு வங்கி வேண்டாம், மேலாளர் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். உங்கள் சந்தாப் பணம் போதும். அது சேமிப்புக் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தண்டல். இதன் கணக்கு கொஞ்சம் மறைவானது. பத்தாயிரம் கேட்டால் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் 8,500 வைக்கிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அட்டையில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு போவார்கள். பார்ப்பதற்கு, பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பதினைந்து சதவீதம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஐம்பதாம் நாளில் பாதிக் கட்டம் அடிபட்டாயிற்று. சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வைத்திருந்ததற்கு 1,500 கொடுத்திருக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் போட்டால் ஏறத்தாழ 120 சதவீதம்.

கவுண்டரில் இருந்தபோது நான் அடிக்கடி கேட்டது இது: "பேங்கில் பன்னிரண்டு கேட்கிறீர்கள், வெளியில் மூன்றுதானே கேட்கிறார்கள்?" பன்னிரண்டு என்பது ஆண்டுக்கு. மூன்று வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. வெளியில் மாதக் கணக்கில் பேசுகிறார்கள், வங்கியில் ஆண்டுக் கணக்கில் பேசுகிறோம். இரண்டு எண்ணும் ஒரே மூச்சில் காதில் விழும்போது சின்ன எண்தான் மலிவாகத் தெரியும். இதை விளக்க ஒரு கரும்பலகையும் ஐந்து நிமிடமும் போதும். எங்கள் வங்கிக் கிளைச் சுவரில் எத்தனையோ சுவரொட்டிகள் ஒட்டியிருந்தோம். இந்த ஒரு பெருக்கலை மட்டும் எழுதி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பங்கீட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு பேர் குழுவுக்கு மூன்று லட்சம் கடன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 25,000. ஒருவருக்கு வெளியில் 40,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு இருக்கிறது. மாதம் 2,000 வட்டி கட்டுகிறார், முதல் அசையவில்லை. சமப்பங்கில் கிடைத்த 25,000-ஐ அங்கே கட்டிவிட்டாலும் மீதி 15,000-க்கு மாதம் 750 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், குழுத் தவணை தனி. முழு 40,000-ஐயும் ஒரு வட்டிக்குக் குழுவே கொடுத்திருந்தால் முதல் மாதத்து வட்டி 400 ரூபாயோடு நின்றிருக்கும். அதே குழுவில் இன்னொருவருக்குக் கடனே இல்லை. கணவருக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவருக்கும் 25,000. வேண்டாம் என்று சொன்னால் தன் பங்கு போய்விடுமே என்று வாங்கிக்கொள்கிறார். ஒன்று, வீட்டில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வந்து நிற்கும். இல்லையென்றால் அந்தப் பணம் மூன்று வட்டிக்கு வெளியே போகும், சில சமயம் அதே குழுவில் ஐந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கே போகும். நடப்பதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். யார் வீட்டில் மிக அதிக வட்டி ஓடுகிறதோ அவருக்கு முதலில், அவர் கடன் முழுவதும் தீரும் அளவுக்கு. பிறகு அடுத்தவர். வட்டி இல்லாத வீட்டுக்குக் கடைசியில், அதுவும் தையல் மிஷின், தள்ளுவண்டி என்று தொழிலுக்குக் கேட்டால் மட்டும்.

இதற்குக் குழுவில் ஒரு தனி நோட்டு வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் வெளியில் எவ்வளவு வாங்கியிருக்கிறார், கையில் வந்தது எவ்வளவு, கட்டுவது எவ்வளவு, எத்தனை நாள், அடகில் என்ன இருக்கிறது. யாரிடம் வாங்கினார் என்று எழுத வேண்டாம், அது வம்பு. இதைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கவும் வேண்டாம். நம் பெண்கள் கணவருக்கே தெரியாமல் வாங்கிய கடன்களும் உண்டு, கணவருக்காக வாங்கி அவர் மறந்துபோன கடன்கள் அதைவிட அதிகம். கடன் பெண் பெயரில், வண்டி ஆண் பெயரில் என்ற வீடு எந்தத் தெருவில் இல்லை? ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் "முதல் இடம் இவருக்கு, இவர் கட்டுவது ஆண்டுக்கு இத்தனை சதவீதம்" என்று மட்டும் சொல்லுங்கள். எண்ணைக் கேட்ட பிறகு "அவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பவர்கள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்க மாட்டார்கள்.

பணத்தை உறுப்பினர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கூடவே போய் வட்டிக்காரரிடம் கட்டிவிட்டு, அவர் வாங்கி வைத்திருக்கும் வெற்றுப் பத்திரம், கையெழுத்திட்ட காசோலை, ஏடிஎம் அட்டை, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். பணம் கட்டிவிட்டுப் பத்திரத்தை விட்டுவந்தால் கடன் தீரவில்லை என்று பொருள். அடைத்த பிறகு மறுபடியும் நாள் வட்டிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சிலர் நிச்சயம் போவார்கள். அவர்களைக் குழுவை விட்டு நீக்காதீர்கள், அடுத்த சுற்றில் கடைசி இடத்தில் வையுங்கள்.

நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல், வீட்டுவாசலில் வந்து கூச்சல் போடுதல் என்று போனால் தயங்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஆனால் சட்டம் இருக்கிறது என்று மட்டும் மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நாளை விடியற்காலை ஏலத்துக்கு வேண்டிய 900 ரூபாயைச் சட்டப் புத்தகம் கொடுக்காது. சிக்கனம் பற்றி வகுப்பெடுக்க வருபவர்கள் இன்னும் மோசம். ஒரு வேளைத் தேநீரை விட்டால் ஆண்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வீட்டில் யாரும் தேநீரால் கடனாளியாவதில்லை.

தனியார் நுண்கடன் நிறுவனங்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களும் "குழு" என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் உறுப்பினர்களில் ஐந்து பேரைச் சேர்த்து வாரத் தவணை போடுகிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வர் தலையில் விழும் என்கிறார்கள். இவர்களுக்கென்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்கும் இந்தக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. புதிய கடன், பழைய கடன் எல்லாவற்றின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் போடக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

பாதி வருமானம் என்ற அந்த வரம்பை நான் ஏற்கவில்லை. மாதம் 24,000 வரும் வீட்டில் 12,000 தவணைக்குப் போகலாம் என்கிறது அது. மாதச் சம்பளக்காரருக்கே அது திணறல். துறைமுகத்தை நம்பிய வீட்டில் அந்த 24,000 எல்லா மாதமும் வருவதில்லை. உங்கள் நோட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியவர் இன்னொரு நுண்கடனுக்குக் கையெழுத்துப் போடப் போனால், கூட ஜாமீன் நிற்க மாட்டோம் என்று குழுவாகச் சொல்லுங்கள். அவருக்குச் செய்யும் பெரிய உதவி அதுதான்.

அதிக வட்டிக் கடன் உள்ள வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் மருத்துவமனையிலோ சாவிலோதான் தொடங்கியிருக்கும். ஒரு கூட்டத்தில் எல்லோரையும் பாஸ்புக் கொண்டுவரச் சொல்லுங்கள். மே, ஜூன் பக்கத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 18 முதல் 50 வயது வரை சேரலாம். இரண்டாவது சுரக்ஷா விபத்துக் காப்பீடு, 70 வயது வரை. இரண்டிலும் இரண்டு லட்சம் ரூபாய். பணம் பிடித்ததே தெரியாமல், கணவர் இறந்த பிறகு கேட்க வேண்டும் என்றும் தெரியாமல், காரியச் செலவுக்குத் தண்டல் வாங்கியவர்களைக் கவுண்டரில் நான் பார்த்திருக்கிறேன். நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா, இறந்துபோன மாமியார் பெயரே இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கி வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை அதில் சிகிச்சை உண்டு. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது கொடுமை.

குழுவின் சேமிப்பை அதிக வட்டி தருகிறேன் என்பவரிடம் போட்டு வைக்கும் எண்ணம் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டுகிறது. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று நம்பிப் போட்டு, கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. இது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்காதீர்கள். பாரிமுனைக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையில் கொடிகட்டிப் பறந்த ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலானபோது, சென்னையின் படித்த குடும்பங்களும் பணத்தைப் பறிகொடுத்தன. அந்த அடியின் வலியில்தான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. இன்று வங்கியில் போட்டால் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. சீட்டு போட்டே ஆக வேண்டுமென்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பதிவெண் கேளுங்கள். கேட்டதற்கு நடத்துபவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் உறுப்பினர் ஒருவர் வெளியில் அறுபது சதவீதம் கட்டிக்கொண்டிருக்கும் வரை, குழுப் பணத்தை வெளியே போட்டு எட்டு சதவீதம் ஈட்டுவதில் பொருளே இல்லை.

கடைசியாக, காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் உண்டு. 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், வலை பின்னுபவர், மீன் வண்டி ஓட்டுபவர் என்று அந்தப் பட்டியலில் இடம் பெறாதவர்களுக்கு அதுவும் இல்லை. தடை முடிவதற்கு முன்பே பள்ளி திறந்துவிடும். கட்டணம், சீருடை, நோட்டு, பை. ஆண்டு முழுவதும் அடைத்த கடன் இந்த இரண்டு மாதத்தில் மறுபடியும் தலைதூக்குகிறது, ஏனென்றால் வருமானம் நின்றுபோகும் மாதங்களிலும் நம் குழுக்கள் தவணையை நிறுத்துவதில்லை. துறைமுகத்தை நம்பிய உறுப்பினருக்குப் பன்னிரண்டு மாதக் கடனைப் பத்துத் தவணையாகப் போடுங்கள். மே, ஜூன் இரண்டுக்கும் தவணை வேண்டாம், மற்ற மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டட்டும். வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணையை அந்த இரண்டு மாதமும் குழுவின் சேமிப்பிலிருந்து கட்டிக்கொள்ளலாம். அதற்கென்று ஜனவரியிலிருந்தே சந்தாவில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தால் ஏப்ரலில் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

அதனால் அந்த நோட்டைப் பிப்ரவரிக் கூட்டத்தில் தொடங்கி, மார்ச் கூட்டத்தில் முதல் மூன்று பேருக்காவது உள்கடனை முடிவு செய்துவிடுங்கள். ஏப்ரல் கூட்டம் வரை தள்ளினால் படகு கட்டியாகிவிடும், தண்டல்காரர் முந்திவிடுவார். தண்டல் அட்டையிலிருந்து ஆண்டு வட்டி கணக்கிடுவதில் சந்தேகம் இருந்தால் அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை தவிர எந்த நாளானாலும் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்